மதில் சூழ்ந்த தோட்டம்: ஓர் உவமையின் விசாரணை

ஓர் உவமையை ஆராயப் புகுவோர், அதைப் படைத்தவன் எந்த வாசலில் நின்று பார்த்தான் என்று முதலில் கேட்கவேண்டும். தோட்டத்தில் உலாவியவனுக்கும் தோட்டத்தில் உழைத்தவனுக்கும் தோட்டம் ஒரே பொருளாகத் தோன்றாது. இக்காலத்து வர்த்தக எழுத்தாளர் ஓயாது வழங்கிவரும் உவமை ஒன்றை அவ்வாறு விசாரிக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

ஒரு கம்பெனி கைப்பேசியைத் தானே செய்து, அதை இயக்கும் மென்பொருளையும் தானே ஆக்கி, அதற்குள் புகும் செயலிகளை விற்கும் கடையையும் தானே நடத்தி, அக்கடையில் கைமாறும் பணத்துக்குத் தானே பங்கும் எடுத்துக்கொள்ளுமாயின், அந்த ஏற்பாட்டை ஆங்கிலத்தில் 'மதில் சூழ்ந்த தோட்டம்' என்கின்றனர். இங்கிலீஷ் பள்ளியில் பயின்ற எமக்கு அச்சொற்றொடரைக் கேட்டதும் பாடப்புத்தகத்துச் சித்திரத்தில் கண்ட ரோஜாச் செடிகளும் கல்லாசனமும் நினைவுக்கு வந்தன. பின்பு அதையே தமிழில் சொல்லிப் பார்த்தோம். தோட்டம்! நேயர்களே, இந்நாட்டுத் தமிழன் எவனாவது அச்சொல்லைக் கேட்டு ரோஜாவை நினைப்பானா? பிரட்டுக்களமும், லயமும், துரை பங்களாவும், கடைக்காரர் பேரேடும் அல்லவா அவன் கண்முன் வந்து நிற்கும்!

நம் பாட்டன்மார் வாழ்ந்த தோட்டங்களுக்குக் கல்மதில் வேண்டியிருக்கவில்லை. ரப்பர் மரங்களே மதில், பட்டணத்துக்குள்ள தூரமே அகழி, கடனே பூட்டு. அரிசியும் பருப்பும் கருவாடும் தோட்டக் கடையில் பற்றுக்கு வாங்கினர். சம்பள நாளில் கடைக்காரர் கணக்கோடு வந்து நின்றார். கிள்ளான் பட்டணத்தில் அதே அரிசி விலை குறைவு என்று அறிந்திருந்தாலும், கையில் ரொக்கமில்லாதவனுக்கு அந்த அறிவினால் என்ன பயன்? கள்ளுக்கடையும் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. கூலி வெளியே சென்று சுற்றிவர அவசியமில்லாதபடி எல்லாம் ஒழுங்காக அமைக்கப்பட்டிருந்தது.

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்று நடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் கோரிக்கைகளை இன்று எடுத்துப் பார்ப்பவர் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். கூலியை உயர்த்துக என்பது மட்டும் அங்கே காணப்படவில்லை. கள்ளுக்கடைகளை மூடவேண்டும், உற்றாரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக விடவேண்டும், துரைக்கும் ஆசிய உத்தியோகஸ்தருக்கும் எதிரே சைக்கிளைவிட்டு இறங்கவேண்டுமென்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பனவும் இருந்தன. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் வந்தது, தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். எந்த உத்தியோகஸ்தருக்காகச் சைக்கிளைவிட்டு இறங்கினரோ, அந்தக் கிராணியின் நாற்காலியில் இன்று அமர்ந்திருப்பவன் யாம். ஆதலால் மதிலின் சௌகரியத்தை மதிலுக்கு உட்புறமிருந்தே அறிவோம். அதைப் பிறர் எப்படி அறிந்தனர் என்பதையும் மறப்பதற்கில்லை.

இனிப் புதிய தோட்டத்துக்கு வருவோம். ஆப்பிள் கம்பெனி தன் செயலிக் கடையை 2008ஆம் ஆண்டு ஜூலையில் திறந்தது. விற்கும் செயலியின் விலையில் நூற்றுக்கு 30 பங்கு கம்பெனிக்கு என்று விதித்தது. சிறு வியாபாரிகளுக்கு அதை 15 ஆகக் குறைக்கும் ஏற்பாடு 2020இன் இறுதியில்தான் அறிவிக்கப்பட்டது. விகிதத்தைவிடக் கடுமையானது வேறொரு விதி. வெளியே இதே பொருள் மலிவாகக் கிடைக்கும் என்று செயலிக்குள்ளேயே ஒரு வரி எழுதி வாங்குவோர்க்கு அறிவிக்கவும் விற்பவனுக்கு அனுமதியிருக்கவில்லை. தோட்டக் கடைக்காரர்கூடப் பட்டணத்து விலையைப் பேசுபவன் வாயை மூட இயலவில்லை, இவர்களால் இயன்றது.

உற்றார் வந்துபோகும் உரிமையைப் பற்றியும் சொல்லவேண்டும். 2022ஆம் ஆண்டு ஒரு மாநாட்டில் ஒருவர் எழுந்து, தாம் அனுப்பும் சலனப்படங்கள் வேறு கம்பெனியின் கைப்பேசி வைத்திருக்கும் தம் தாயாரிடம் சரியாகப் போய்ச் சேர்வதில்லை என்று ஆப்பிளின் தலைவர் டிம் குக்கிடம் முறையிட்டார். அவர் தாயாருக்கும் ஓர் ஐபோன் வாங்கித் தரச் சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னதாகவே இருக்கட்டும். மகனைக் காணத் தாயும் அதே தோட்டத்தில் பேர் பதிந்துகொள்ளவேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் உண்டா?

சிறிய மதில்களும் உள. எம் அலுவலகத்து அச்சுப்பொறிக்குக் கிள்ளான் கடைவீதியில் பாதி விலைக்கு மைக்கூடு வாங்கி வந்தோம். பொறி அதை ஏற்க மறுத்து, தன் கம்பெனியின் மையைப் போடும்படி திரையில் கட்டளையிட்டது. மை கெட்ட மையன்று. கூட்டிலுள்ள சில்லு அந்நியச் சில்லு, அவ்வளவே. பொறிக்கு விலை கொடுத்தவர் நாம். அதன் வாயில் எதை ஊற்றுவது என்று தீர்மானிப்பவர் வேறொருவர். மூன்று நாள் செக்ரோல் அச்சாகாமல் கிடந்தது.

இதற்கு மறுப்பாகக் கூறப்படுபவை இரண்டு. முதலாவது, 'பிடிக்காதவன் வாங்காதிருக்கலாமே. சந்தையில் வேறு கைப்பேசி இல்லையா' என்பது. நியாயம்போல் ஒலிக்கும் இவ்வார்த்தை உள்ளே நுழையும் வாசலை மாத்திரம் பார்த்துச் சொல்லப்பட்டது. கப்பலேறும்போது நம் முன்னோர்க்கும் இந்தத் தோட்டமா அந்தத் தோட்டமா என்ற விருப்பம் ஓரளவு இருந்திருக்கலாம். சுதந்திரத்தை அளக்க வெளியேறும் வாசலையே பார்க்கவேண்டும். பத்தாண்டுப் புகைப்படங்கள், விலை கொடுத்து வாங்கிய செயலிகள், அதனோடு மட்டுமே இணங்கும் கைக்கடிகாரம் ஆகிய இவை எல்லாம் பேரேட்டுப் பாக்கியைப்போலக் காலைக் கட்டுகின்றன. மேலும் இன்று கைப்பேசி உலகில் நடைமுறையில் இருப்பன இரண்டே பெருந்தோட்டங்கள். ஒன்றிலிருந்து ஓடியவன் மற்றொன்றில்தான் புகவேண்டும். வாசலில் இரண்டு கம்பெனிகள் போட்டியிடுகின்றன என்பதால், வாசலைத் தாண்டியபின் உள்ளே போட்டி நடக்கிறது என்று ஆகிவிடாது.

இரண்டாவது மறுப்பு, மதில் திருடரைத் தடுக்கிறது என்பது. இதை அலட்சியமாகத் தள்ளமாட்டோம். வங்கிப் பணத்தைக் களவாடும் போலிச் செயலிகளால் சேமிப்பை இழந்தவர் நம்மிடையே உண்டு. வெளியிலிருந்து வரும் செயலியைச் சோதித்து அனுமதிப்பது நல்ல காவலே. தோட்டக் கடையும் நோயில் விழுந்தவனுக்கு அரிசி கொடுத்ததுண்டு, அதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் காவலுக்கும் வரிக்கும் என்ன சம்பந்தம்? திருடனைத் தடுப்பதற்காக வைத்த காவற்காரன், நேர்மையான வியாபாரியின் மூட்டையிலும் நூற்றுக்கு முப்பது எடுத்துக்கொண்டு, பக்கத்துக் கடை விலையைச் சொல்லாதே என்று அதட்டுவானாயின், அவன் காக்கும் பொருள் எது என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

இது தூர தேசத்து விவகாரமென்று எண்ணற்க. எம் வாசற்படியிலேயே, போர்ட் கிள்ளானிலேயே, இதற்கு உதாரணம் உண்டு. துறைமுகத்தில் சரக்கை ஏற்றவும் இறக்கவும் சுங்க இலாகாவுக்கு மின்வழியே பத்திரங்கள் அனுப்பவேண்டும். அவ்வழியை நடத்திவந்தது டகாங் நெட் என்னும் நிறுவனம். அதற்குள் புக ஒரு மின்னஞ்சற்பெட்டி தேவை. வேறு மென்பொருள் வழங்குவோரை நாடிய வாடிக்கையாளருக்குப் புதிய பெட்டி கொடுக்க அந்நிறுவனம் மறுத்து, தன் மேலாதிக்கத்தைத் துஷ்பிரயோகம் செய்தது என்று மலேசியப் போட்டி ஆணையம் 2021ஆம் ஆண்டில் முடிவு செய்து, ஏறத்தாழ 1 கோடியே 3 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. நிறுவனம் அதை ஒப்பாது மேல்முறையீட்டுக்குச் சென்றது. வழக்கின் நுட்பங்கள் சட்ட வல்லுநர்க்குரியவை. நாம் கவனிக்கவேண்டியது, பாதை ஒருவர் கையில் இருக்கும்போது அப்பாதையில் ஓடும் வண்டிகளையும் அவரே விற்க விரும்பினால் என்ன விளையும் என்பதே.

அதே துறைமுகம் இதற்கு நேர்மாறான பாடத்தையும் கற்பிக்கிறது. கரையில் அடுக்கப்பட்டிருக்கும் கொள்கலன்களைப் பாருங்கள். நிறம் வேறு, கம்பெனி வேறு, கொடி வேறு. மூலைப் பூட்டுகளோ ஒரே அளவு. எவருடைய பாரந்தூக்கியும் எவருடைய பெட்டியையும் தூக்கும். இது தானாக அமைந்ததன்று. 1956இல் அமெரிக்காவில் கொள்கலன் கப்பலை ஓட்டிய மால்கம் மக்லீனின் கம்பெனி, 1963இல் மூலைப் பூட்டுக்குரிய தன் காப்புரிமைகளைப் பொதுப் பயனுக்கு விட்டுக்கொடுத்தது. அதன்மேல் உலகத் தர அளவு எழுந்தது. பூட்டைத் திறந்துவிட்டதால் அவர் தொழில் அழியவில்லை. உலக வாணிபமே பெருகிற்று. 1901இல் ஸ்வெட்டன்ஹாம் என்ற பெயரோடு தொடங்கிய சிறு துறை இன்று உலகின் பெருந்துறைகளுள் ஒன்றாக நிற்பதற்கு அந்தத் திறந்த பூட்டும் ஒரு காரணம்.

அரசுகளும் விழித்துவருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2024ஆம் ஆண்டு மார்ச்சு முதல் பெருங்கம்பெனிகளுக்குப் புதிய கடமைகளை விதித்தது. வெளிவிலையைச் சொல்லத் தடுத்ததற்காக 2025 ஏப்ரலில் ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ அபராதமிட்டது. கைப்பேசிகளுக்கெல்லாம் ஒரே வகை மின்னேற்றித் துளை வேண்டும் என்ற அதன் விதி 2024 டிசம்பரில் அமலுக்கு வந்தது. இந்தியாவின் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில், கைப்பேசி செய்வோர்மேல் தன் செயலிகளை மொத்தமாகச் சுமத்தியதற்காகக் கூகுளுக்கு ரூ. 1,337.76 கோடி அபராதம் விதித்தது.

நமக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தில் 26ஆம் பிரிவு என்று ஒன்றுண்டு. உழைப்பாளி தன் சம்பளத்தை எங்கே, எவ்விதம், எவரிடம் செலவிடவேண்டும் என்று முதலாளி நிபந்தனையிட்டால் அந்நிபந்தனை செல்லாது என்பது அதன் கருத்து. தோட்டத்தை இடிக்கச் சொல்லவில்லை அச்சட்டம். கடையை மூடவும் சொல்லவில்லை. வாங்குபவன் வேறு கடைக்குப் போக வழிவிடு என்றது, அவ்வளவே. கூலிப் பணத்துக்குக் கிடைத்த அந்த நீதியைக் கைப்பேசிக்குள் செலவாகும் பணத்துக்கும் கேட்பது அதிகப்பிரசங்கித்தனமாகுமா?

ஆகவே அவ்வுவமையைப் பற்றி எம் தீர்ப்பு இது. 'மதில் சூழ்ந்த தோட்டம்' என்பது பிழையான உவமையன்று. ஆக்கியோர் அறிந்ததைவிடப் பொருத்தமான உவமை. அவர்கள் ரோஜாவை எண்ணிச் சொன்னார்கள்; நாம் பேரேட்டை எண்ணிப் படிக்கவேண்டும். அடுத்த முறை கடையில் ஒரு புதிய பொறியை வியந்து கையில் எடுக்கும் தோழர், அதன் பளபளப்பைப் பார்த்தபின் விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்பாராக: இதில் வேறு கடை மை ஊறுமா? என் பொருளை எடுத்துக்கொண்டு நான் வெளியேறலாமா? வேறு பொறி வைத்திருக்கும் என் தாயோடு நான் தடையின்றிப் பேசலாமா? பதில் சொல்லத் தயங்குபவரிடம் சைக்கிளைவிட்டு இறங்காமலே போய்விடலாம்.