கோடரிக்குள் ஒரு மனிதன்

மெக்ஸிகோவின் கெரேரோ மாநிலத்து மெஸ்காலா கற்சிலைகளின் படங்கள் கிடைத்தால் பாருங்கள். கோடரித் தலை வடிவில், வழவழப்பாக ஒரு கல். புருவத்துக்கு ஒரு கோடு, கைகளுக்கு இரண்டு சாய்ந்த வெட்டு, கால்களைப் பிரிக்க ஒரு பள்ளம். அவ்வளவுதான், ஆள் ரெடி!

'இரும்பு உளி இல்லாத காலம், பாவம், முடிந்தது அவ்வளவுதான்' என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். அதே மெக்ஸிகோவில், அவர்களுக்கு முன்பே, இரும்பைப் பார்க்காத ஓல்மெக் சிற்பிகள் ஜேட் கல்லில் உதட்டுச் சுழிப்பைக்கூடக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆகவே மெஸ்காலாக்காரர் முடியாமல் விடவில்லை. போதும் என்று நிறுத்தினார். இன்னும் ரெண்டு கோடு இழுத்திருந்தால் மனிதன் மட்டும் மிஞ்சியிருப்பான், கோடரி காணாமல் போயிருக்கும்.

பல நூற்றாண்டுகள் கழித்து அஸ்டெக்குகள் இவற்றைப் பொக்கிஷமாகச் சேர்த்துத் தங்கள் பெரிய கோயிலில் புதைத்தார்கள். மெக்ஸிகோ சிட்டியில் 1978-ல் தொடங்கிய அகழாய்வில் அவை வெளியே வந்தபோது, பல முகங்களில் மழைக்கடவுள் த்லாலோக்கின் சாயலை வண்ணத்தில் தீட்டியிருந்தது தெரிந்தது. வெறும் முகத்தைச் சும்மா விட அவர்களுக்கே மனசு வரவில்லை.

நாம் மட்டும் என்ன? 'அட, மாடர்ன் ஆர்ட் மாதிரி இருக்கே' என்கிறோம். அதுவும் ஒரு பெயின்ட்தான்.