கேனானா, நிக்கானா?

முதல் கேமரா பற்றித் தமிழில் வருகிற கட்டுரைகள் பெரும்பாலும் மெகாபிக்சலில் ஆரம்பித்து, "எது வாங்கினாலும் நல்லதுதான்" என்று முடியும். எனக்கு இது ஒப்புதல் இல்லை. எதைப் படம் எடுக்கப்போறோம்னு கேட்காத பதில் அது.

காஞ்சிபுரத்தையே எடுத்துக்கொள்வோம். வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்று மாளிகையில் பல்லவர் வரலாற்றைச் சொல்லும் சிற்ப வரிசை. எதிரே சிங்கத் தூண்கள். பின்னால் நகர்ந்து எடுக்க இடம் குறைவு, வெளிச்சமும் குறைவு. கிட் லென்ஸின் 18 மி.மீ. நிக்கானில் 27 மாதிரி, கேனானில் 29 மாதிரி. இந்த இடத்தில் நிக்கானுக்கு ஒரு கை கூடுதல்.

ஆனால் வெளிச்சத்துக்காக ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 செகண்ட் ஹேண்டில் தேடினால் கதை மாறுது. நிக்கானின் டி3000, டி5000 வரிசை பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய ஏஎஃப்-டி லென்ஸைக் கையால்தான் திருப்பணும். கேனானோ 1987-ல் பழைய எஃப்டி மவுண்டையே கைவிட்டு, லென்ஸுக்குள் மோட்டார் வைத்த இஎஃப் மவுண்டுக்கு மாறிவிட்டது. அன்று பழைய வாடிக்கையாளர்கள் திட்டினார்கள். இன்று புதிதாக வருபவருக்கு அது லாபம்.

அடுத்து பட்டு. நிக்கான் டி3300, டி5300 இரண்டிலும் லோ-பாஸ் ஃபில்டர் இல்லை. படம் கூர்மையா வரும், சரி. ஆனால் நெருக்கமான நெசவு சென்சாரின் கட்டங்களோடு முட்டினால், சேலையில் இல்லாத அலைக்கோடு படத்தில் தெரியும். சேலையை விற்பதற்காகப் படம் எடுப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆகவே இந்த ஊரில், பழைய டிஎஸ்எல்ஆர் வாங்குபவருக்கு என் ஓட்டு கேனானுக்கு.