ஹாஃப்-லைஃப் 3: நெருப்பு இருந்தது, சோறு வேகவில்லை

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். வதந்தியை நம்ப விரும்புகிறவர் முதலில் கையில் எடுக்கும் பழமொழி இது. அதைச் சோதித்துப் பார்க்க வீடியோ கேம் உலகம் நல்ல இடம். அங்கே ஓர் ஆட்டம் உருவாகப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதில் பெரும்பகுதி கதவடைத்துக்கொண்டு நடக்கும் வேலை. நிறுவனம் வாய் திறக்கும்வரை வெளியே காத்திருப்பவர்களுக்குப் புகைதான் துணை. அறிவிக்கப்படாத ஓர் ஆட்டத்தைப் பற்றிய வதந்தி எப்போதாவது உண்மையாக இருந்திருக்கிறதா? இருந்திருந்தால், எந்தப் பொருளில் உண்மை? இந்தக் கேள்விக்கு ஹாஃப்-லைஃப் 3ஐவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் ஹாஃப்-லைஃப் ஆட்டத்தை 1998 நவம்பரிலும் அதன் இரண்டாம் பாகத்தை 2004 நவம்பரிலும் வெளியிட்டது. கதையின் தொடர்ச்சியை மூன்று சிறு அத்தியாயங்களாகத் தரப்போவதாக 2006இல் சொன்னது. முதலாவது அந்த ஆண்டே வந்தது. இரண்டாவது 2007 அக்டோபரில் வந்தது. அந்த இரண்டாம் அத்தியாயத்தின் முடிவில், கதையின் முக்கியப் பாத்திரமான அலிக்ஸ் தன் தந்தையின் உடலைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். அழுகை ஓயும் முன்பே திரை இருண்டுவிடுகிறது. மூன்றாம் அத்தியாயம் 2007 கிறிஸ்துமஸுக்குள் வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. நாளடைவில் வால்வ் அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திக்கொண்டது.

அந்த அழுகைக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவே விழுந்த பள்ளத்தில்தான் ஹாஃப்-லைஃப் 3 பற்றிய பேச்சு முளைத்தது. 2011 இறுதியில், வால்வ் ஊழியர் ஒருவர் அந்தப் பெயர் அச்சிட்ட டிசர்ட்டைப் போட்டிருந்தார் என்று ஒரு செய்தி பரவியது. 2013இல், வால்வ் ஊழியர்கள் தங்கள் வேலைகளைக் குறித்துவைக்கும் உள்பட்டியல் ஒன்று வெளியார் கண்ணில் பட்டது. ஹாஃப்-லைஃப் 3, லெஃப்ட் 4 டெட் 3, சோர்ஸ் 2 என்ற பெயர்கள் அதில் இருந்தன. நிறுவனம் எதையும் உறுதிசெய்யவில்லை. போகப் போக, "ஹாஃப்-லைஃப் 3 உறுதி" என்பது எதற்கெடுத்தாலும் சொல்லப்படும் கேலிச்சொல்லாகத் தேய்ந்தது. நம்பியவர்களுக்கு ஏமாளிகள் என்ற பெயர்தான் மிஞ்சியது.

அவர்கள் ஏமாளிகள் இல்லை என்பது 2020இல் தெரிந்தது. ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் ஆட்டம் உருவான கதையை, வால்வ் ஊழியர்களிடம் நேரில் கேட்டு, பத்திரிகையாளர் ஜெஃப் கீலி மின்னூலாக வெளியிட்டார். 2013, 2014 ஆண்டுகளில் ஹாஃப்-லைஃப் 3 என்ற ஆட்டத்தில் உண்மையிலேயே வேலை நடந்ததை அந்த நூல் சொன்னது. கதை சொல்லும் பகுதிகள் வழக்கம்போல எழுதப்பட்டவை. இடையில் வரும் களங்களை ஒவ்வொரு முறையும் கணினியே புதிதாக அமைக்கும். ஒரு கட்டடம், அதற்குள் ஒரு கைதி, அவரை மீட்கும் வழி, எதிரிகள் நிற்கும் இடம் எல்லாம் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ஜி-மேன் என்ற மர்மப் பாத்திரத்தின் முகத்துக்கு மாதிரியாக இருந்தவரை மறுபடி வரவழைத்து அவர் முகத்தை ஸ்கேன் எடுக்கும் அளவுக்கு முயற்சி போயிருந்தது. ஆனால் ஆட்டம் ஓட வேண்டிய சோர்ஸ் 2 என்ஜின் அப்போது முழுமையாகத் தயாராகவில்லை. வேலை கைவிடப்பட்டது. லெஃப்ட் 4 டெட் 3க்கும் அதே கதிதான்.

2013இல் கசிந்த பட்டியலையும் 2020இல் வந்த நூலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆண்டு பொருந்துகிறது, பெயர்கள் பொருந்துகின்றன. வதந்தி மெய். ஆனால் அந்த வதந்தியை நம்பிக் காத்திருந்தவர் கையில் ஓர் ஆட்டமும் கிடைக்கவில்லை. நெருப்பு இருந்தது, உலையும் ஏற்றியிருந்தார்கள், சோறு மட்டும் வேகவில்லை. அடுப்படியில் நடப்பதைச் சரியாகச் சொன்ன வதந்தியை, இலை போட்டு உட்கார்ந்தவர்கள் பொய் என்றார்கள். இரு தரப்புக்கும் நியாயம் உண்டு. "உருவாகிறது" என்பது ஒரு செய்தி. "வரும்" என்பது ஒரு வாக்குறுதி. வதந்தியில் இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்படுவதால் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறோம். இந்தக் கட்டுரையின் வாதம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் நிற்கிறது.

அறிவிப்பு வந்துவிட்டால் சோறு உறுதி என்றும் எண்ணிவிட முடியாது. மூன்றாம் அத்தியாயம் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது, வரவில்லை. ஹாஃப்-லைஃப் 3 அறிவிக்கப்படவே இல்லை, ஆனால் உருவாகிக்கொண்டிருந்தது. 2024 நவம்பரில் இரண்டாம் பாகத்தின் 20ஆம் ஆண்டு நிறைவையொட்டி வால்வே ஓர் ஆவணப்படம் வெளியிட்டது. பனிக்கட்டியை உருவாக்கும் துப்பாக்கி உட்பட மூன்றாம் அத்தியாயத்துக்காகச் செய்து பார்த்த காட்சிகள் அதில் முதன்முறையாகக் காட்டப்பட்டன. கதையை முடித்துவைப்பது மட்டுமே ஓர் ஆட்டத்தைச் செய்யப் போதுமான காரணமாகத் தனக்குத் தோன்றவில்லை என்ற கருத்தை நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவெல் அதில் சொல்கிறார். அந்த ஒரு விளக்கத்துக்கு ரசிகர்கள் 17 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் அகத்திணை மரபு இப்படியொரு நிலையை எப்போதோ வகுத்துவைத்திருக்கிறது. தலைவனும் தலைவியும் ஊரறியாமல் பழகுவது களவு. அதைச் சிலர் தமக்குள் முணுமுணுப்பது அம்பல். ஊரே வெளிப்படையாகப் பேசுவது அலர். அலர் தூற்றும் பெண்டிர் சொல்வது பெரும்பாலும் பொய்யில்லை. களவு நடக்கிறது என்பதில் அவர்கள் தவறுவதில்லை. அது கற்பில், அதாவது மணத்தில், முடியுமா என்பது மட்டும் அவர்கள் அறியாதது. அதைத் தலைவன்தான் முடிவு செய்ய வேண்டும். விளையாட்டுகளைப் பற்றிய கசிவுகளையும் இந்த அளவுகோலால் எடைபோடலாம். களவைப் பற்றி அலர் சொல்லும் சாட்சியை ஏற்கலாம். கற்பைப் பற்றி அது சொல்லும் ஆரூடத்தை ஏற்க வேண்டியதில்லை.

இப்போது வதந்தியின் நிறைகளுக்கு வருவோம். முதலாவது, அது கைவிடப்பட்ட உழைப்புக்குச் சாட்சியாக நிற்கிறது. நடுவே நிறுத்தப்பட்ட ஆட்டத்துக்குப் பெட்டியும் இல்லை, நன்றிப் பட்டியலும் இல்லை. அதில் ஆண்டுகளைக் கரைத்தவர்கள் ரகசிய ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு வாய் திறக்க முடியாமல் இருப்பார்கள். ஹாஃப்-லைஃப் தொடரின் கதாசிரியர் மார்க் லெய்ட்லா வால்வை விட்டு விலகியபின், 2017 ஆகஸ்டில், பாத்திரங்களின் பெயர்களை மாற்றி ஒரு கடித வடிவில் கதை எழுதினார். படித்த எவருக்கும் அது மூன்றாம் அத்தியாயத்தின் கதை என்று புரிந்தது. தன் கதையைச் சொல்ல அதன் ஆசிரியரே வேறு பெயர்களுக்குள் ஒளிய வேண்டியிருக்கும் துறையில், கசிவு இல்லாவிட்டால் வரலாற்றின் பாதி மண்ணோடு போகும்.

இரண்டாவது, பதிவுகளிலிருந்து பிறக்கும் வதந்திக்கு வலு அதிகம். வால்வின் வேறு ஆட்டங்களின் கோப்புகளைத் துருவியவர்கள் எச்எல்விஆர் என்ற எழுத்துகளை அடிக்கடி கண்டு, மெய்நிகர் கருவிக்கான ஹாஃப்-லைஃப் ஒன்று தயாராகிறது என்றார்கள். 2019 நவம்பரில் ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் அறிவிக்கப்பட்டு, 2020 மார்ச் 23 அன்று வெளியானது. இதைவிடப் பெரிய சோதனை 2021 செப்டம்பரில் நடந்தது. என்விடியாவின் ஜீஃபோர்ஸ் நவ் சேவையின் தரவிலிருந்து பல்லாயிரம் ஆட்டப் பெயர்கள் கொண்ட பட்டியல் வெளியே வந்தது. அறிவிக்கப்படாத பெயர்கள் பல அதில் இருந்தன. உள்சோதனைக்கான பட்டியல் அது, ஊகப் பெயர்களும் அதில் உண்டு, பெயர் இருப்பதால் ஆட்டம் உறுதியாகிவிடாது என்று என்விடியா விளக்கியது. ஆனால் அடுத்த மாதமே காட் ஆஃப் வார் கணினிக்கு வருவது அறிவிக்கப்பட்டது. 2022இல் கிங்டம் ஹார்ட்ஸ் 4, ட்ராகன்ஸ் டாக்மா 2, டெக்கன் 8 ஆகியவை அறிவிக்கப்பட்டன. ஃபைனல் ஃபேண்டஸி டேக்டிக்ஸின் புதுப்பதிப்புக்கு 2025 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பட்டியலில் இருந்த இன்ஜஸ்டிஸ் 3 மூன்று ஆண்டுகள் கழிந்தும் அறிவிக்கப்படவில்லை. நிறுவனத்தின் விளக்கமும் பொய்யில்லை, பட்டியலும் பொய்யில்லை. நெருப்பு எங்கெங்கே மூட்டப்பட்டது என்று அந்தப் பட்டியல் காட்டியது. எந்த அடுப்பு அணையும் என்று அதனால் காட்ட முடியவில்லை.

குறைகள் இதைவிடக் கனமானவை. பலித்துப்போன ஊகத்தை மெய்யான சாட்சியோடு சேர்த்து எண்ணுவது முதல் குறை. 2018 அக்டோபரில், நின்டெண்டோவின் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் ஆட்டத்தில் இன்னும் வெளியிடப்படாத பாத்திரங்கள் என்று ஒரு படம் பரவியது. ஓர் அச்சகத்தில் எடுத்ததாகச் சொல்லப்பட்டது. அப்போது வெளிவரவிருந்த க்ரிஞ்ச் திரைப்படத்தின் விளம்பரப் பொருள்கள் அந்தப் புகைப்படத்தில் தெரிந்ததால் பலர் நம்பினார்கள். நவம்பர் 1 அன்று நின்டெண்டோ மீதிப் பாத்திரங்களை அறிவித்தபோது படம் போலி என்று தெளிவாயிற்று. ஆனால் அந்தப் போலிப் படத்தில் இருந்த கென் அன்றே அறிவிக்கப்பட்டார். பான்ஜோ-கசூயி 2019 ஜூனில் அறிவிக்கப்பட்டது. அப்படியானால் அந்த வதந்தி பாதி உண்மையா? இல்லை. ரசிகர்கள் வெகுநாளாகக் கேட்டுவந்த பெயர்களை அள்ளிப் போட்டால் ஒன்றிரண்டு பலிக்கத்தான் செய்யும். கல் எறிந்தவர் குறிபார்க்காதபோது மாங்காய் விழுந்தாலும் அவரை வில்லாளி என்று சொல்ல மாட்டோம்.

கெடு இல்லாமை இரண்டாவது குறை. ஃபைனல் ஃபேண்டஸி 7 ஆட்டத்தின் தொடக்கக் காட்சியைப் பிளேஸ்டேஷன் 3இன் திறனைக் காட்டுவதற்காக 2005இல் புதிதாகச் செய்து காட்டினார்கள். அன்றிலிருந்து அதன் மறுஆக்கம் வருகிறது, வருகிறது என்ற பேச்சு ஓயவில்லை. 2015 ஜூனில் அது மெய்யாகவே அறிவிக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் முதல் பகுதி வெளியானது. அதனால் 2007இல் சொன்னவரும் 2010இல் சொன்னவரும் சரியாகச் சொன்னதாக ஆகிவிடாது. அவர்கள் சொன்ன நாளில் அடுப்பு எரிந்ததா என்பதுதான் கேள்வி. பின்னால் ஒருநாள் யாரோ உலை ஏற்றியதால் பழைய புகைக்கு நெருப்பு வந்துவிடாது. கெடு இல்லாத ஆரூடம் ஒருபோதும் தோற்பதில்லை. தோற்காத ஒன்றுக்குச் சோதனையும் இல்லை.

மூன்றாவது குறையை அறத்தின் பக்கம் நின்று பார்க்க வேண்டும். 2003இல் ஹாஃப்-லைஃப் 2இன் மூலநிரல் வால்வின் கணினிகளிலிருந்து திருடப்பட்டு வெளியே போடப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 30 அன்று ஆட்டம் வெளிவரும் என்று அறிவித்திருந்தார்கள். வெளியிடும் நிலையில் ஆட்டம் இல்லை என்பது கசிவால் அம்பலமானது. கடைசியில் 2004 நவம்பரில்தான் வந்தது. நிறுவனம் மறைத்த உண்மையைக் கசிவு சொன்னது என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதத்தில் பொருள் உண்டு. ஆனாலும் பல ஆண்டு உழைப்பை அரைகுறையாக ஊர் முன்னால் உரித்துக் காட்டியதை அந்த உண்மை ஈடுசெய்துவிடாது. கண்ணில் பட்ட பட்டியலைப் படிப்பது வேறு, பூட்டை உடைத்து உள்ளே போவது வேறு. உண்மையாக இருப்பதாலேயே ஒரு கசிவு நியாயமாகிவிடாது.

ஆகவே, ஒரு வதந்தி காதில் விழும்போது மூன்று கேள்விகள் கேட்கலாம் என்பேன். இது எங்கே பிறந்தது, ஒரு பதிவிலா அல்லது ஓர் ஆசையிலா? இது சொல்வது அடுப்பைப் பற்றியா, இலையைப் பற்றியா? இது பொய் என்று நிரூபிக்க ஒரு நாளாவது குறிக்கப்பட்டிருக்கிறதா? டிசர்ட் வதந்தி முதல் கேள்வியிலேயே தடுமாறுகிறது. 2013 பட்டியல் முதலிரண்டிலும் தேறுகிறது. க்ரிஞ்ச் படம் பதிவு என்ற வேடத்தில் வந்த ஆசை.

அண்மை ஆண்டுகளில் வால்வின் கோப்புகளில் எச்எல்எக்ஸ் என்ற குறிப்பைக் கண்டவர்கள், மூன்றாம் பாகம் மறுபடி உருவாகிறது என்கிறார்கள். அதே மூன்று கேள்விகளை இங்கும் கேளுங்கள். குறிப்பு ஒரு பதிவு. ஏதோ ஓர் அடுப்பு எரிகிறது என்று நம்ப இடமிருக்கிறது. அதற்குமேல் ஒரு சொல்லும் அந்த எழுத்துகளில் இல்லை. அறிவிக்கப்படாத ஆட்டங்களைப் பற்றிய வதந்திகள் உண்மையாக இருந்திருக்கின்றன, நாம் நினைப்பதைவிட அதிகமாகவே. ஆனால் அவை உண்மையாக இருந்தது அன்றைய நாளைப் பற்றித்தான். நாளையைப் பற்றி எந்த வதந்திக்கும் தெரியாது. கேளுங்கள், ஆராயுங்கள், வேலை செய்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். இலையை மட்டும் இப்போதே விரிக்க வேண்டாம்.