திருக்கை மேல் போட்ட வழக்கு

ஒரு திருத்தத்தோடு ஆரம்பிக்கிறேன். சில வருஷம் முன்னாடி இதே பதிவில், பெரிய சுறா குறைந்தால் திருக்கை பெருகும், திருக்கை பெருகினால் சிப்பி அழியும் என்று ரொம்ப நம்பிக்கையாக எழுதியிருந்தேன். ஆதாரமாகக் காட்டியது 2007இல் சயன்ஸ் இதழில் மையர்ஸ் குழுவினர் எழுதிய கட்டுரை. அதை இப்போது நிதானமாகத் திரும்பப் படித்தேன். நான் எழுதியது தப்பு.

கட்டுரையின் கதை அழகானது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பெரிய சுறாக்களைப் பிடித்துத் தீர்த்தார்கள். அவை தின்றுகொண்டிருந்த சிறு சுறாக்களும் திருக்கைகளும் பெருகின. அதில் ரைனாப்டெரா என்ற பேரினத்துத் திருக்கை, வட கரோலினாவில் நூறு வருஷமாக நடந்த ஸ்காலப் சிப்பித் தொழிலையே மூடவைத்தது. மூணே கண்ணி உள்ள சங்கிலி. புரோகிராமர் மூளைக்கு இது ரொம்பப் பிடிக்கும், எனக்கும் பிடித்துத்தான் போனது.

முதல் கண்ணி பற்றி எனக்குப் பெரிய சண்டை இல்லை. பல இடங்களில் பெரிய சுறாக்கள் குறைந்ததற்கு வேறு சான்றுகளும் உண்டு. சிக்கல் அடுத்த இரண்டில். சுறா இந்தத் திருக்கையைத் தின்றதா, திருக்கை அந்தச் சிப்பியைத் தின்றதா? இரண்டுக்கும் பதில் வயிற்றைக் கீறிப் பார்த்தால்தான் கிடைக்கும். 2016இல் கிரப்ஸ் குழுவினர் சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் அந்தக் கணக்கைத்தான் எடுத்தார்கள். பெரிய சுறாக்களின் உணவில் இந்தத் திருக்கைக்குப் பெரிய இடமில்லை. திருக்கையின் உணவில் ஸ்காலப் அபூர்வம். சிப்பி சரிந்த காலமும் திருக்கை பெருகியதாகச் சொன்ன காலமும்கூடப் பொருந்தவில்லை.

இதற்கு வயிறுகூட வேண்டாம், எக்செல் போதும். இந்தத் திருக்கை பருவத்துக்கு வர ஏழெட்டு வருஷம் ஆகும், வருஷத்துக்கு ஒரே குட்டி. குட்டிகளில் பாதி பெண், எந்த வயதிலும் வருஷத்துக்குப் பத்து சதவீதம் சாகிறது என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். வளர்ச்சி ஐந்து சதவீதத்தைத்தான் ஒட்டி நிற்கிறது. முப்பது வருஷத்தில் பத்து மடங்கு ஆக எட்டு சதவீதம் வேண்டும். என் அனுமானங்களை மாற்றினால் விடையும் மாறும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்டுரையைக் கொண்டாடுவதற்கு முன் அன்றைக்கே இதைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். அரை மணி நேர வேலை.

ஒரு நியாயமும் சொல்லணும். திருக்கைக் கூட்டம் கடந்துபோன திட்டுகளில் சிப்பி காலியாவதை, கம்பு நட்டுத் தடுப்பு போட்டுச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்தத் திட்டில் அது உண்மை. அதை ஒரு கரை முழுக்க நீட்டியதுதான் பாய்ச்சல். எங்க சிட்லபாக்கம் ஏரியில் ஒரு மூலையில் நாரை கூட்டமாக இறங்கி மீனைக் காலி பண்ணலாம். அதனால ஏரியில் மீன் இல்லாமல் போனதுக்கு நாரைதான் காரணம்னு சொன்னா, ஏரியில் என்னென்ன கலக்குதுன்னு தெரிஞ்ச எங்க தெருக்காரங்க சிரிப்பாங்க.

இதை வெறும் ஆராய்ச்சிச் சண்டை என்று விட்டுவிட முடியவில்லை. வர்ஜீனியாவில் 'திருக்கையைத் தின்று வளைகுடாவைக் காப்போம்' என்ற பாணியில் பிரச்சாரம் நடந்தது. மேரிலாந்தில் இந்தத் திருக்கைகளை அம்பெய்து கொல்லும் போட்டிகளே நடந்து, 2017இல்தான் சட்டசபை அவற்றை நிறுத்திவைத்தது. வருஷத்துக்கு ஒரு குட்டி போடும் உயிர், ஞாபகம் இருக்கட்டும்.

இதே பேரினத்தின் மேல் நம்ம பக்கத்திலும் ஒரு வழக்கு உண்டு, நூறு வருஷம் முன்னாடியே. 1902இல் லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன், மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்க முத்துப் பார்களை ஆராய வந்தார். உதவிக்கு ஜேம்ஸ் ஹார்னெல். பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த அதே ஹார்னெல்தான். அவர்களுடைய அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பாகமாக வந்தது. முத்துச்சிப்பியின் எதிரிகள் வரிசையில் ரைனாப்டெரா ஜவானிகாவும் உண்டு. கூடவே ஒரு திருப்பம்: முத்தின் கரு ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம், அந்தப் புழு முழு வளர்ச்சி அடைவது சிப்பியைத் தின்னும் திருக்கையின் குடலில் என்றார்கள். அப்படியானால் சிப்பியை அழிப்பதும் திருக்கை, முத்தை உண்டாக்குவதும் திருக்கை! இதுவும் அழகான சங்கிலிதான். 1912இல் லிஸ்டர் ஜேம்சன் இலங்கை முத்துகளை ஆராய்ந்துவிட்டு, நடுவில் புழு இருப்பதற்குச் சான்று இல்லை என்று எழுதினார். பார்களைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனியும் 1912வாக்கில் கலைக்கப்பட்டது. 1907க்குப் பிறகு அங்கே நெடுங்காலம் முத்துக்குளிப்பே நடக்கவில்லை.

இரண்டு வழக்கிலும் சாட்சி சொல்ல வேண்டியது வயிறு. அந்தச் சாட்சியும் லேசுப்பட்டதல்ல. இந்தத் திருக்கை தட்டையான பல் வரிசையால் ஓட்டை நொறுக்கி, ஓட்டுத் துண்டுகளைப் பெரும்பாலும் துப்பிவிடும். காசிமேட்டில் மீன் வெட்டும் அக்கா ஒருவரிடம் இதைக் கேட்டேன். "உள்ள வெறும் கொழகொழன்னு சதைதான் சார் இருக்கும், ஓடு எங்க இருக்கு?" என்றார். அந்தச் சதை எந்தச் சிப்பியுடையது என்று கண்ணால் சொல்வது கஷ்டம், டி.என்.ஏ. பார்க்கணும். கணவாய் தின்னும் சுறாவில் நேர் எதிர்: சதை கரைந்தாலும் கணவாயின் அலகு வயிற்றில் தங்கிவிடும், கணக்கில் கணவாய் அதிகமாகத் தெரியும். இழுவலையில் வந்த மீன் வலைக்குள்ளேயே பக்கத்தில் இருந்ததை விழுங்கியிருக்கலாம். தூண்டிலில் வந்ததன் வயிற்றில் இருப்பது இரையாக நாம் போட்ட மீனாகவே இருக்கலாம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பானட்ஹெட் என்ற சின்னக் கொம்பன் சுறாவின் வயிற்றில் கடற்புல் கிடந்ததை, நண்டு பிடிக்கும்போது தற்செயலாக உள்ளே போனது என்று ரொம்ப நாள் ஒதுக்கிவைத்தார்கள். 2018இல் லீ குழுவினர் அதற்குக் கடற்புல்லையே முக்கிய உணவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். புல்லில் பாதியளவு செரித்தது.

நம்ம கரையில் இன்னொரு ஓட்டை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, விசைப்படகு போகாது. துறைமுகத்தில் இழுவலை மீனை வாங்கி வயிறு பார்க்கும் எந்த ஆய்விலும் அந்த இரண்டு மாதம் காலி. 'ஆண்டு முழுவதுக்குமான உணவு' என்று அட்டவணை போட்டால், அதில் பத்து மாதம்தான் இருக்கும். நாட்டுப்படகு மீனைச் சேர்த்தாலும் அது வேற வலை, வேற ஆழம்.

பழைய பதிவை அழிக்கவில்லை. மேலே சிவப்பில் ஒரு குறிப்பு மட்டும் போட்டிருக்கிறேன். தடை முடிந்ததும் சானடோரியத்தில் முதல் வண்டியைப் பிடித்துக் காசிமேடு போகணும். வயிறுகளைத் தூக்கிப்போடாமல் எடுத்துவைப்பதாக அந்த அக்கா சொல்லியிருக்கிறார், கிலோ கணக்கில் காசு கேட்பார் போலிருக்கு.