ஏட்டில் அடங்காத பாட்டி

முன்னோர் வரலாறு என்றாலே குலப்பெருமை பேசுவது நம்மவர் வழக்கம். அவ்வீண்பெருமைக்கு இடந்தராதது, கைத்ரா பகதூர் அம்மையார் 2013-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘கூலி உமன்’ என்னும் நூல். 1903-இல் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி, பிரிட்டிஷ் கயானாவின் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகச் சென்ற தம் கொள்ளுப்பாட்டி சுஜாரியாவை அவர் அரசாங்க ஏடுகளில் தேடுகிறார்.

குடியேற்றச் சீட்டில் கண்டதென்ன? பெயர், வயது, சாதி, ஊர், நான்கு மாதக் கர்ப்பம், கணவன் பெயரில்லை. அவள் ஏன் தனியே புறப்பட்டாள்? சீட்டு விடை கூறாது. உழைக்கும் உடலைக் கணக்கிட்டு அனுப்பவே அது எழுதப்பட்டது. ஆசிரியை அவ்வெற்றிடத்தைக் கற்பனையால் நிரப்பாமல், கேள்விகளை அடுக்கி வைக்கிறார். நூலின் நேர்மை இதுவே. பிற பெண்களின் வழக்குகள் பெருகுமிடங்களில் சுஜாரியா மறைந்துபோவது ஒரு குறை. ஆயினும் அவ்வழக்குகளே அவள் காலத்தை விளக்குகின்றன.

நம் நிலை யாது? மலாயாவுக்கான ஒப்பந்த முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணிமாரின் ஆள்கட்டு 1938-இல் நின்றது. தோட்டத்துச் செக்ரோல் வேலைநாளை எண்ணிற்று. வந்தவள் கதையை எழுதவில்லை. இங்கே ஆங் மோ கியோவிலோ, பால்மரம் நின்ற நிலத்தில் 1970-களில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன.

ஆதலின் அன்பர்களே, வீட்டு முதியோரை இன்றே கேளுங்கள். ஆண்வழிப் பெயர்களோடு நில்லாது, பாட்டிமார் பெயரையும் ஊரையும் எழுதிவையுங்கள். கூலி என்ற சொல்லுக்கு நாணவேண்டியவர் அதனைச் சுமந்தவரல்லர், சுமத்தியவரே.