சடைமுடியும் சீப்பும்

முழுநிலா நாளில் திருவண்ணாமலை சென்று, 14 கிலோமீட்டர் நீளும் கிரிவலப் பாதையில் நடப்போர் சடைமுடிகளைக் காணாது திரும்புவதில்லை. ஆண்டியின் சடைக்குக் காணிக்கை விழுகிறது. பெண்ணொருத்தியின் முடி திரண்டு கட்டியாகிவிட்டாலோ, மஞ்சள் பூசிக் குங்குமமிட்டு, அம்மன் இறங்கிவிட்டாள் என்று காலில் விழுகிறார்கள். இத்தலத்தின் புராணமே முடியைத் தேடிய கதைதானே! நான்முகன் தேடிக் காணாத சிவன் முடியிலிருந்து நழுவிய தாழம்பூ பொய்ச்சாட்சி சொன்னதாம். அதனால் பூசைக்கு ஆகாமற் போயிற்றாம். கடவுள் தலையிலிருந்து விழுந்த பூவுக்கு இத்தனை நீண்ட வரலாறு! ஏழைப் பெண்ணின் தலையில் சிக்கு விழுந்த வரலாற்றைக் கேட்கத்தான் ஆளில்லை.

சிக்கு விழுவது மறைபொருள் அன்று. நேரான முடியில் தலைத்தோலின் எண்ணெய்ப்பசை எளிதில் நுனிவரை இறங்கும். இறுகச் சுருண்ட முடியில் அது வளைவுக்கு வளைவு தடைப்படும், நுனி வறளும், உதிர்ந்த மயிரும் கீழே விழாமல் சுருளுக்குள் சிக்கிக்கொள்ளும். எண்ணெய் தடவி, ஈரத்தோடு, விரல்களாலும் அகன்ற பல் சீப்பாலும் நுனியில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேலேறிச் சிக்கெடுத்தால் அது எழிற்கூந்தல். உலர்ந்த முடியை உச்சியிலிருந்து இழுத்தால் மயிர் அறும், முடிச்சு இறுகும். நோயில் பல திங்கள் படுத்தவளுக்கும், மனமுடைந்து மூலையில் கிடந்தவளுக்கும் இதைப் பொறுமையாகச் செய்வார் யார்? ‘சுருட்டை முடி சோறு போடும்’ என்பது நாட்டுப் பழமொழி. சுருட்டை முடிக்குச் சீப்புப் போட ஆளில்லாத வீட்டில் அம்மன் வந்துவிடுகிறாள்!

இவ்வளவும் அறிந்த நாம், அறிந்த செருக்கினாலேயே ஒருமுறை தலைகுனிந்தோம். நண்பர் சிலரோடு அப்பாதையில் சென்றபோது, சடை விழுந்த நடுவயதுப் பெண்மணி ஒருவரிடம், “இதை வெட்டி எறியக் கூடாதா அம்மா? அழுக்கும் பேனுந்தானே இதில் இருக்கிறது?” என்று கேட்டோம். அவர் சினக்கவில்லை. “சாமி குடுத்தது தம்பி. இது வந்தப்புறந்தான் எங்க ஊட்டுக்காரரு கை ஓங்கறத வுட்டாரு” என்றார். மேடையில் ஓயாத நமது நா அன்று ஓய்ந்தது.

அச்சொல்லின் பொருளை நமக்கு விளக்கியது ஓர் ஆங்கில ஏடு. இலங்கையின் மானிடவியல் அறிஞர் கணநாத் ஒபயசேகர எழுதி, சிக்காகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் 1981இல் வெளியிட்ட ‘மெடூசாவின் கூந்தல்’ என்பது அது. கதிர்காமத்தில் சடைவிரித்தாடிய பெண்ணைக் கண்டபோது தமக்குள் எழுந்த அருவருப்பை மறைக்காமல் எழுதித் தொடங்குகிறார் ஆசிரியர். பாம்புகளைக் கூந்தலாகக் கொண்டு, கண்டாரைக் கல்லாக்கும் கிரேக்கக் கதைப்பெண் மெடூசா அவர் நினைவில் எழுந்தாளாம். அருவருத்தவர் அகன்று போய்விடவில்லை. அதுதான் ஏட்டின் சிறப்பு. சடை தாங்கிய பெண்களின் வாழ்க்கையை அவரவர் வாயிலாகவே கேட்டறிகிறார். கணவனோடு பிணக்கு, குடும்பத்தில் சாவு, குற்றவுணர்ச்சி, நோய், ஆவேசம், இவற்றின் பின்னரே சடை. அது கடவுள் தந்த ஆற்றல் என்கிறார்கள் அப்பெண்கள். கணவனோடு கூடிவாழ்தலையும் துறக்கிறார்கள். மறுக்கும் உரிமை மனைவிக்கு இல்லாத வீட்டில் கடவுளின் பெயரால் மறுத்தால் செல்லுபடியாகிறது! கிரிவலப் பாதையில் நாம் கேட்ட விடையும் இதுதானே?

ஏட்டில் குறை இல்லாமல் இல்லை. ஆசிரியர் அணிந்திருப்பது பிராய்டின் கண்ணாடி. சடையைப் பாம்பென்றும், பாம்பை ஆண்குறி என்றும் விரித்துரைக்கச் செலவிட்ட பக்கங்களில் சிலவற்றைச் சீப்புக்கும் எண்ணெய்க்கும் தந்திருக்கலாம். விளக்குவது அறிஞர் தொழில். அதற்குமேல் அவரிடம் கேட்பது முறையன்று என்பாரும் உளர். இருக்கட்டும்.

ஆயினும் கேடயமான சடை விலங்காகவும் ஆகும். கருநாடகத்துச் சவதத்தி எல்லம்மன் பெயரால், தலையில் சிக்கு விழுந்த சிறுமியை அம்மன் அழைக்கிறாள் என்று சொல்லித் தேவதாசியாகப் பொட்டுக்கட்டினார்கள். சென்னை மாகாணம் 1947இலும் கருநாடகம் 1982இலும் அக்கொடுமைக்கு எதிராகச் சட்டம் செய்தன. அந்த எல்லம்மன் யார்? இரேணுகை. இதே திருவண்ணாமலை மாவட்டத்துப் படவேட்டில் ரேணுகாம்பாள் என்று வணங்கப்படுபவள். கணவன் ஆணையால், பெற்ற மகன் கையாலேயே தலை வெட்டுண்டதாகப் புராணம் கூறும் பெண். தன் தலையைக் கணவனிடமிருந்து காத்துக்கொள்ள முடியாதவளின் பெயரைச் சொல்லித்தான் பிற பெண்களின் தலைமுடிக்கு உரிமை கொண்டாடுகிறார்கள்!

மராட்டியத்தில் நரேந்திர தபோல்கர் 1989இல் தொடங்கிய மூடநம்பிக்கை ஒழிப்புக் குழுவினர் இப்பணியில் நம்மைவிட முன்னே நிற்கிறார்கள். 2013 ஆகஸ்டு 20ஆம் நாள் புனே நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னும் பணி நிற்கவில்லை. வீட்டுக்குச் செல்கிறார்கள்; பேசுகிறார்கள்; குடும்பத்தாரின் அச்சத்தைக் கேட்கிறார்கள்; பெண் ஒப்பிய பின்னரே கத்தரிக்கோலை எடுக்கிறார்கள். ஒப்புதல் என்பதைச் சிறு செய்தியாகக் கருதிவிட வேண்டாம். அமெரிக்கக் கறுப்பின மக்களில் பலர் தங்கள் சுருள்முடியை விரும்பியே சடைகளாகத் திரித்து, கழுவிப் பேணி வளர்க்கிறார்கள். அதைக் காட்டி வேலையிலும் பள்ளியிலும் வேற்றுமை பாராட்டுவதைக் கலிபோர்னியா 2019இல் சட்டத்தால் தடுத்தது. சடை என்றாலே அழுக்கு என்று நாம் அன்று கேட்டோமே, அதுவும் பிழைதான்.

பின்னர் இரண்டு முழுநிலா நாட்களில் அப்பாதையில் அப்பெண்மணியைத் தேடினோம்; காணவில்லை. அவர் ஊரையும் பெயரையும் அன்று நாம் கேட்டுக்கொள்ளவில்லை.