பேரலையின் பின்புறம்

எழுத்தறியா முதியவரும் அறிந்த ஜப்பானியச் சொல் ஒன்று நமது கடற்கரையில் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் திகதிக்கு முன்னர் 'சுனாமி' என்பதை இங்கு அறிந்தோர் மிகச் சிலரே. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அந்தக் காலைக்குப் பின்னர் அது நம் வீட்டுச் சொல்லாயிற்று. சொல்லைத் தொடர்ந்து ஒரு படமும் வந்து சேர்ந்தது. ஹொக்குசாய் 1831 ஆம் ஆண்டளவில் வரைந்த 'கனகாவாப் பேரலை' என்ற அப்படத்தைச் சுனாமியின் சித்திரமென்றே பலர் கருதுகின்றனர்.

அக்கருத்துப் பிழையானது. படத்தில் உள்ளது காற்றெழுப்பிய அலை. அதனடியில் மூன்று படகுகள், தொலைவில் சிறுத்துத் தோன்றும் புஜி மலை. சுனாமி ஆழ்கடலிற் படகோட்டிக்குப் புலப்படாமலே கடந்து செல்லும் தன்மையது; கரையை அணுகிய பின்னரே அது உயர்ந்தெழும். அன்று கைக்குழந்தைகளாயிருந்தோரும் அதன்பின் பிறந்தோருமாகிய எமது தலைமுறை அதனைக் கண்டதில்லை, கேட்டு வளர்ந்தது. கேட்டவற்றில் நுரைநகம் விரித்துச் சுருண்டு நின்ற அலை எதுவும் இல்லை.

நிற்க. இப்படத்தை நடுநாயகமாகக் கொண்டு லண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலை 2017 மே முதல் ஆகஸ்ட் வரை ஒரு பெருங்கண்காட்சியை நடத்தியது. அதனை நேரிற் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. அதனையொட்டி வெளிவந்த நூலையும் திரைப்படத்தையும் கொண்டே இதனை எழுதுகின்றேன். அக்கண்காட்சி ஜூலை மாதத்தில் சில நாட்கள் மூடப்பட்டு, ஏறக்குறைய அரைவாசிப் படைப்புகள் மாற்றப்பட்ட பின் மீண்டும் திறக்கப்பட்டது. மே மாதம் சென்றவர் கண்டதும் ஆகஸ்டிற் சென்றவர் கண்டதும் ஒரே கண்காட்சியன்று. இதற்குக் காரணம் வெளிச்சம். பழைய ஜப்பானிய அச்சுப்படங்களின் தாவரச் சாயங்கள் ஒளிபட்டால் வெளிறிவிடும். பேரலையின் வானத்தில் முதற்பிரதிகளிற் காணப்பட்ட இளஞ்சிவப்பு மேகம் பல பிரதிகளில் இன்று இருந்த இடமே தெரியவில்லை. ஆகவேதான் மங்கிய ஒளியிற் சில வாரங்கள் வைத்து, பின்னர் நெடுங்காலம் இருட்பெட்டியிற் பேணுகின்றனர்.

இதன் உச்சத்தைக் காணவேண்டுமெனின் அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை நூதனசாலைக்குச் செல்லவேண்டும். ஸ்போல்டிங் சகோதரர்கள் 1921 இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய அச்சுப்படங்களை அதற்கு அன்பளிப்புச் செய்தபோது ஒரு நிபந்தனை விதித்தனர்: அவை ஒருபோதும் பொதுமக்கள் காட்சிக்கு வைக்கப்படலாகாது. காட்டுவதற்கென்றே எழுப்பப்பட்ட மாளிகைக்குக் காட்டக்கூடாத செல்வத்தை வழங்கிய விந்தை இது. ஆயினும் நிறத்தைக் காக்க அவர்கள் கண்ட வழி அதுவே.

நிறத்தைக் காக்க இத்துணை ஏற்பாடு உண்டு. அந்த நிறத்தை ஏற்றியவனைக் காக்க என்ன ஏற்பாடு உண்டு என்பதே எனது வினா. ஓவியன் தாளில் வரைந்த கோட்டுருவைச் செதுக்குவோன் செர்ரிப் பலகையிற் குப்புற ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டு எஞ்சியதைச் செதுக்கி நீக்குவான். அவ்வேலையில் மூலச்சித்திரம் அழிந்தொழியும். எனவே உலகம் வியக்கும் அலையின் நுரைவிரல்கள் நேரடியாக ஹொக்குசாயின் கைக்கோடுகள் அல்ல. ஒரு செதுக்குவோனின் உளிக்கோடுகளே. அதன்மேல் நிறந்தீட்டிப் பிரதியெடுத்தவன் இன்னொருவன். இவ்விருவரின் பெயரும் படத்தில் இல்லை. மூலையிற் பொறிக்கப்பட்டிருப்பது, ஹொக்குசாய் என்ற பெயரை மாற்றி இஇத்சு ஆகியவரின் தூரிகை என்னும் ஒப்பம். வாழ்நாளில் முப்பது பெயர்கள் வரை சூடியவர் அவர். செதுக்கியவனுக்கோ ஒரு பெயர்தானும் வாய்க்கவில்லை.

இது அக்கால வழக்கம் என்று கூறி அமைதிகொள்ள முடியாது. ஹொக்குசாய் இளமையிற் பலகை செதுக்கும் தொழில் பயின்றவர். நல்ல உளியின் அருமையை அறிந்தவர். 'புஜி மலையின் நூறு காட்சிகள்' என்ற அவரது நூலிற் செதுக்கிய எகாவா தொமேகிச்சியின் பெயர் அச்சாகியுள்ளது. பிறிதொரு நூலுக்கும் அவரையே அமர்த்துமாறு ஹொக்குசாய் பதிப்பாளரை வேண்டிக் கடிதம் எழுதினார். பெயரிட விரும்பியபோது பெயரிட முடிந்திருக்கின்றது.

இவ்விடத்தில் எமது நாட்டவரான ஆனந்த குமாரசுவாமியுடன் நான் முரண்பட வேண்டியுள்ளது. 1877 இற் கொழும்பிற் பிறந்த அவர் 1917 முதல் இறக்கும்வரை பொஸ்டன் நூதனசாலையிற் பணிபுரிந்தவர். ஸ்போல்டிங் அன்பளிப்பு வந்தபோதும் அங்கிருந்தவர். கலைப்பொருள்களை ஏன் காட்சிக்கு வைக்கவேண்டும் என்பதனையே 1943 இல் வெளிவந்த தமது நூலுக்குத் தலைப்பாக்கினார். பயன்பாட்டுக்கெனச் செய்யப்பட்டவற்றைக் கண்ணாடிக்குள் அடைத்து அழகு பார்ப்பதை அவர் கண்டித்தது முற்றிலும் நியாயமே. ஆனால் மரபுக் கலைஞனின் பெயரின்மையை ஒரு மேன்மையாக அவர் போற்றினார். டோக்கியோவில் 1936 இல் நாட்டார் கைவினை நூதனசாலையை நிறுவிய யனாகி சோயெத்சுவும் அவ்வாறே அறியப்படாத கைவினைஞனைப் புகழ்ந்தார். பெயரின்மை அத்துணை உயர்ந்ததாயின், அச்சேகரம் மட்டும் ஏன் இன்றுவரை ஸ்போல்டிங் சேகரம் எனப்படுகின்றது? வாங்கியவன் பெயர் நிலைக்க, செய்தவனிடம் மாத்திரம் துறவை எதிர்பார்ப்பது எவ்வாறு பொருந்தும்?

இது தொலைதூரத்து வழக்கன்று. மருதமுனைக் கைத்தறிப் புடைவை நாடறிந்தது. ஊரின் பெயர் அதிலுண்டு, கடையின் பெயருமுண்டு. நெய்தவர் பெயர் இல்லை. சுனாமியிற் கடலோர வீடுகளோடு தறிகளும் போயின. போனவற்றில் எது எவர் கைவேலை என்று கூற ஏடு எதுவும் இருக்கவில்லை.

என் உம்மம்மாவிடம் ஒரு சேலை உண்டு. சம்மாந்துறையில் அவரது சகோதரி வீட்டுப் பெட்டியிற் கிடந்தமையால் அது தப்பியது. சென்ற விடுமுறையில் யார் நெய்தது என்று கேட்டேன். விரித்துப் பார்க்கவில்லை, கரையை இரு விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்து ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார். அப்பெண்ணின் வீடு எந்த ஒழுங்கையில் இருந்தது என்றும், ஊடையை இத்தனை நெருக்கி அடிப்பவர் அந்த வீட்டில் அவர் ஒருவரே என்றும் சொன்னார். பின்னர் சேலையை மடித்து, வெயில் படாத தட்டிலே வைத்தார்.